நாவல் எழுதுவோரும் நாவல் கேட்போரும்

மதுரை மாநகரில் வைகையாற்றின் வடகரையில் கோரிப்பாளையம் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. நகரத்திலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்து வருவோர் முதலில் கால் வைக்கும் இடம் அதுவே. அந்தப் பாலம் 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாலத்தைத் தாண்டியதும் பழமை வாய்ந்த தர்கா. அருகிலே தென்மாவட்ட மக்களெல்லாம் நாடி வரும் அரசு மருத்துவமனை. சற்று அப்பால் 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி. பெண்களுக்கென்று ஓர் அரசுக் கல்லூரி. சித்திரைத் திருவிழாவின்போது கள்ளழகர் வைகையில் இறங்க வருவதும் இவ்வழியாகவே.

அந்த நாற்சந்தியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தந்தையின் கையைப் பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகன் ஒருவன் வருவான். தேர்வுக்கு நேரமாகிவிட்டதே என்று விரைந்து நடக்கும் மாணவி ஒருத்தி வருவாள். தர்காவில் நேர்ச்சையைச் செலுத்திவிட்டுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பும் தாய் வருவாள். இவர்கள் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் ஒவ்வொருவருக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு கவலை இருக்கிறது. பிறரிடம் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. இத்தனை கதைகளையும் எழுதப் போவது யார் என்ற கேள்வி எனக்கு அவ்விடத்தில் பலமுறை எழுந்ததுண்டு. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களாகிய நீங்கள்தாம் எழுத வேண்டும் என்பதே என் விடை.

"நாவல் எழுதுவதா? அது பெரிய எழுத்தாளர்கள் செய்யும் காரியம் அல்லவா? எங்களுக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லையே" என்று நீங்கள் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தை நீக்குவதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. மதுரையை அடுத்த வத்தலக்குண்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

அவ்வூரில் 1872ஆம் ஆண்டில் பிறந்தவர் பி. ஆர். ராஜம் ஐயர். மதுரையிலும் சென்னையிலும் கல்வி பயின்ற அவர், 1893ஆம் ஆண்டில் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் ஒரு தொடர்கதையைத் தொடங்கினார். அதுவே 'கமலாம்பாள் சரித்திரம்'. தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. இன்று கல்லூரியின் இறுதியாண்டில் படிக்கும் ஒரு மாணவருக்கு உரிய வயது. மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்னும் கிராமத்தையும், அங்கே வாழ்ந்த முத்துஸ்வாமி ஐயர் குடும்பத்தையும், வீண் பழிச்சொல் ஒன்று அக்குடும்பத்தை அலைக்கழித்ததையும் அவர் எழுதினார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரை அவர் படைத்துக் காட்டிய விதத்தை இன்று படித்தாலும் சிரிப்பு வரும். 1896இல் அது நூலாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1898இல், தம் இருபத்தாறாம் வயதில் அவர் காலமானார். அவர் எழுதி முடித்த நாவல் அது ஒன்றே. ஆனால் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த ஒன்றைக் கூறாமல் மேலே செல்ல முடியாது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராஜம் ஐயர் தாம் காணாத உலகம் எதையும் தேடிப் போகவில்லை. தம் ஊர்த் திண்ணையில் கேட்ட வம்புப் பேச்சு, பள்ளிக்கூடத்தில் கண்ட பண்டிதர்கள், சொந்தபந்தங்களுக்குள் நிகழும் பூசல் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டார். இருபத்தொரு வயதில் ஒருவனுக்கு உலக அனுபவம் குறைவாக இருக்கலாம். ஆனால் தன் தெருவைப் பற்றிய அனுபவம் குறைவாக இராது. நாவலுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

சிறுகதையும் நாவலும் எவ்வகையில் வேறுபடுகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகதை ஒரு கணத்தைக் காட்டுவது. நாவல் காலம் நகர்வதைக் காட்டுவது. மருத்துவமனை வாசலில் மகன் தந்தையின் கையைப் பற்றி நிற்கிறான் என்றால் அது சிறுகதைக்குப் போதும். அதே தந்தை பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த மகனை வீட்டைவிட்டு வெளியேற்றியவர் என்றும், இடைப்பட்ட ஆண்டுகளில் இருவரும் எப்படியெல்லாம் மாறினார்கள் என்றும் சொல்லத் தொடங்கினால் அது நாவலாக விரியும். மனிதர் மாற வேண்டும். அம்மாற்றத்துக்குக் காரணம் இருக்க வேண்டும். அக்காரணம் படிப்பவரின் நெஞ்சில் பதிய வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் நாவலின் அடிப்படை அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இனி, எழுதும் முறையைப் பார்ப்போம். நாவல் என்றவுடன் மலையைக் கண்டு மலைப்பது போல மலைக்கிறோம். மலையை யாரும் ஒரே எட்டில் ஏறுவதில்லை. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் எழுதலாம். நாள்தோறும் 2 பக்கம் எழுதினால் 300 சொற்கள். 100 நாளில் 30,000 சொற்கள். ஒரு சிறு நாவலுக்கு அது போதும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி ஒதுக்கினாலே இது கைகூடும். கோடை விடுமுறையில் தொடங்கும் ஒரு மாணவர், காலாண்டுத் தேர்வுக்கு முன்னே முதற்படியை முடித்துவிடலாம்.

இவ்வாறு அளவு வகுத்துக்கொண்டு எழுதுவதை ஓர் இயக்கமாகவே நடத்திக் காட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பகுதியில் 1999ஆம் ஆண்டில் 21 பேர் கூடி, ஒரே மாதத்தில் ஆளுக்கு 50,000 சொற்கள் கொண்ட நாவல் எழுதுவது என்று முடிவு செய்தார்கள். கணக்குப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,667 சொற்கள். பின்னர் அது நாடு நாடாகப் பரவி, பல்லாயிரவர் நவம்பர் மாதந்தோறும் எழுதும் வழக்கமாயிற்று. அதனை நடத்திய நிறுவனம் 2025இல் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நிறுவனம் மறைந்தாலும் அது கண்டுணர்த்திய உண்மை மறையவில்லை. தனியாக எழுதுவது கடினம், "இன்று நான் இவ்வளவு எழுதினேன், நீ எவ்வளவு எழுதினாய்?" என்று கேட்க ஒருவர் இருந்தால் அக்கடினம் பாதியாகிவிடும்.

முதற்படி எழுதும்போது ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள். எழுதியதைத் திருத்திக்கொண்டே இருக்கக்கூடாது. முதல் அதிகாரத்தை எட்டு முறை திருத்தி எழுதி, இரண்டாம் அதிகாரத்தைக் காணாமலே போன நாவல்கள் எத்தனையோ! நெசவாளர் தறியில் பாவு ஓடும்போது ஓர் இழை அறுந்தால் உடனே முடிந்துகொண்டு மேலே நெய்வாரே அல்லாமல், நெய்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதில்லை. முடிவு வரையில் எழுதிவிடுங்கள். முடிவு தெரிந்த பிறகுதான் தொடக்கத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது புலப்படும். எழுதி முடித்த நோட்டை ஒரு மாதம் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே வாக்கியம் இடறியிருக்கிறது.

இதுவரை எழுதுவோருக்குரிய பகுதியைச் சொன்னேன். இனிச் சொல்லப் போவது கேட்போருக்குரியது. என் கருத்தில் இதுவே மிக முக்கியமானது. நம்மிடையே மிகவும் அருகிப்போனதும் இதுவே.

ஒரு நூலைப் பலர் கூடிய அவையில் படித்துக் காட்டி, அவையோர் எழுப்பும் வினாக்களுக்கு விடை சொல்லி, அதன் பிறகே அதை உலகுக்கு வழங்குவது நம் முன்னோரின் வழக்கம். அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அவையறிய ஆராய்வது என்னும் அந்தப் பழைய மரபையே மனத்தில் கொண்டிருந்தார் எனலாம்.

மதுரைச் சங்கத்தைப் பற்றிய பழங்கதைகளுள் ஒன்று என் நெஞ்சில் நீங்காமல் நிற்கிறது. 'இறையனார் அகப்பொருள்' என்னும் நூலுக்குப் புலவர் பலர் உரை எழுதினார்கள். தம் உரையே சிறந்தது என்று ஒவ்வொருவரும் வாதிட்டார்கள். எவர் உரை மெய்யுரை என்று முடிவு செய்வதற்கு ஒரு நடுவர் வேண்டியிருந்தது. உப்பூரிகுடி கிழார் என்பவருடைய மகன் உருத்திரசன்மனை நடுவராக அமர்த்துமாறு தெய்வக்குரல் ஒன்று கூறிற்று. அவன் யார் தெரியுமா? ஐந்து வயதுச் சிறுவன். அதிலும் வாய் பேசாதவன். அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்திப் புலவர்கள் வரிசையாகத் தம் உரையைப் படித்தார்கள். சிறுவன் அசையாமல் இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணில் நீர் பெருகியது, மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரனார் படித்தபோதோ சொல்தோறும் அவ்வாறே ஆயிற்று. அதைக் கொண்டு நக்கீரனார் உரையே சிறந்தது என்று அவையோர் தெளிந்தார்கள்.

இது நடந்ததா, கற்பனையா என்னும் ஆராய்ச்சி நமக்கு இங்கே வேண்டியதில்லை. இக்கதையைச் சொல்லி வைத்தவர்களின் அறிவு நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். புலவர் நிறைந்த சங்கத்தில் தீர்ப்புச் சொல்லப் புலவன் ஒருவனை அவர்கள் தேடவில்லை. வாதாடத் தெரியாத, புகழத் தெரியாத, பழிக்கவும் தெரியாத ஒரு குழந்தையைத் தேடினார்கள். அக்குழந்தை செய்தது ஒன்றே: உண்மையாகக் கேட்டது. நெஞ்சைத் தொட்ட இடத்தில் கண் கலங்கியது. தொடாத இடத்தில் சும்மா இருந்தது. எழுதுகிறவனுக்கு ஒரு வாசகன் தரக்கூடிய பேருதவி இதைவிட வேறில்லை. "இந்த இடத்தில் என் மனம் கலங்கியது, இந்த இடத்தில் என் கவனம் சிதறியது" என்று இரண்டு செய்திகளை ஒளிக்காமல் சொன்னால் போதும்.

இவ்வுதவி கிடைக்காத எழுத்தாளனுக்கு என்ன நேர்கிறது? அதற்கும் மதுரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதை மகிழ்ச்சியோடு சொல்ல இயலவில்லை.

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், இளம் வயதிலேயே கடல் கடந்து இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்றார். இரண்டாம் உலகப் போரை அங்கே கண்ணால் கண்டார். போர் முடிந்து தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியாற்றினார், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறையில் நெடுங்காலம் தனியே வாழ்ந்தார். அங்கிருந்து இரண்டு நாவல்கள் எழுதினார். முதலாவதான 'கடலுக்கு அப்பால்', 'கலைமகள்' இதழின் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. இரண்டாவது, 'புயலிலே ஒரு தோணி'. மேடானிலும் பினாங்கிலும் அலையும் தமிழ் இளைஞன் ஒருவன் மதுரைத் தெருக்களை நினைத்து நினைத்து ஏங்கும் பகுதிகள் அந்நூலில் மறக்கவொண்ணாதவை. எழுதி முடித்த பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்து, 1972இல்தான் அது அச்சேறியது. அச்சேறியும் அதைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலர். சிங்காரம் அதன் பிறகு நாவல் எழுதவில்லை.

அவர் 1997ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். தம் வாழ்நாள் சேமிப்பை மாணவர் கல்விக்காக வழங்கிவிட்டுச் சென்றார். இன்று 'புயலிலே ஒரு தோணி' தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்று என்று திறனாய்வாளர்கள் போற்றுகின்றனர். அந்தச் சொல் அவர் காதில் உரிய காலத்தில் விழுந்திருந்தால், மூன்றாவது நாவல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கக்கூடும். அவர் அறைக்கு வெளியே அந்த ஊரில் கல்லூரிகள் இருந்தன; தமிழ் படித்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இல்லாமற் போனது, படித்துவிட்டு வந்து கதவைத் தட்டி, "ஐயா, இந்த இடம் என்னை உலுக்கிவிட்டது" என்று சொல்லும் ஒரு குரல்.

ஏறத்தாழ அதே காலத்தில், மதுரையையே களமாகக் கொண்ட மற்றொரு நாவலுக்கு நேர்மாறான பேறு கிடைத்தது. நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 'கல்கி' வார இதழில் எழுதிய 'குறிஞ்சி மலர்' தொடரை மக்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்தார்கள். கதைத் தலைவி பூரணியின் பெயரையும் தலைவன் அரவிந்தனின் பெயரையும் தம் குழந்தைகளுக்குச் சூட்டிய பெற்றோர் பலர். வாசகரின் அன்பு எழுத்தாளனை எவ்வளவு தூரம் தாங்கிச் செல்லும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அன்பு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்ல வேண்டும். புகழ்ச்சி ஊக்கம் தரும். ஆனால் எது குறை என்று காட்டாது. மௌனமோ ஊக்கத்தையும் கெடுக்கும், குறையையும் காட்டாது. இவ்விரண்டுக்கும் இடையிலே நேர்மையான வாசிப்பு என்ற ஒன்று இருக்கிறது.

அந்த நேர்மையான வாசிப்புக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர் சி. சு. செல்லப்பா. இவரும் வத்தலக்குண்டுக்காரர், மதுரைக் கல்லூரியில் பயின்றவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கி, 1970 வரையில் 119 இதழ்கள் வெளியிட்டார். ஒரு படைப்பைப் 'பிரமாதம்' என்றோ 'குப்பை' என்றோ ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், ஏன் நன்றாக இருக்கிறது, எங்கே தவறுகிறது என்று காரணம் காட்டிப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் வெளியிட்ட நூல்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவர்களிடம் கொடுத்தவர் அவர். முதிர்ந்த வயதில் 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலை எழுதி 1997இல் தாமே வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு, 2001ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தாம் எழுதிய நாவலை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு தடித்த நோட்டுகள். தம் தாயார் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்ததைப் பற்றிய கதை அது. நான் சிவப்பு மையைக் கையில் எடுத்தேன். ஒற்றுப் பிழை, லகர ளகரப் பிழை, நிறுத்தக்குறி என்று பக்கம்தோறும் வட்டமிட்டேன். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் பாலத்தின் மீது தனியே நடந்துவரும் அந்தத் தாய், நின்று ஆற்று மணலைப் பார்க்கும் ஓர் இடம் அதில் இருந்தது. அதைப் படித்தபோது என் தொண்டை அடைத்தது. அந்த இடத்தின் ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. பிழையற்ற இடம் அல்லவா, ஆகவே சிவப்பு மைக்கு அங்கே வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். மாணவர் நோட்டுகளைப் பெற்றுக்கொண்டு நன்றி கூறிச் சென்றார். பிறகு அவர் எதையும் கொண்டுவரவில்லை. பிழைகளைத் திருத்தியது தவறன்று; அந்த ஓர் இடத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டதே தவறு. ஐந்து வயது உருத்திரசன்மன் அறிந்திருந்ததை நான் அறியாமற் போனேன்.

ஆகவே, நண்பர் எழுதியதைக் கேட்கும்போது கைக்கொள்ள வேண்டிய முறையைச் சொல்கிறேன். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் அமைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை. கல்லூரி மரத்தடி போதும். வீட்டு மொட்டைமாடி போதும். மதுரையில் உள்ளவர்களுக்குப் புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் துணை செய்யும். முன்பெல்லாம் மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தி, ஒரே பிரதியைக் கைமாற்றிப் படித்தார்கள். கடைசிப் பக்கங்களில் தம் கருத்தை எழுதினார்கள். நீங்களும் அவ்வாறே, ஒவ்வொருவர் நோட்டின் பின்னும் சில வெற்றுத்தாள்களை வாசகருக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

கூடும்போது எழுதியவர் ஓர் அதிகாரத்தைப் படிக்கட்டும். மற்றவர் இடைமறிக்காமல் கேட்கட்டும். படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தொட்ட இடம் எது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகு, எந்த இடத்தில் குழப்பம் ஏற்பட்டது, எந்த இடத்தில் சலிப்புத் தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டும். "நீ கதையை இப்படி மாற்றி எழுது" என்று கட்டளை இடலாகாது. "அவள் ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள்? எனக்குப் புரியவில்லையே" என்று கேள்வியாகக் கேட்டால், விடை தேடும் பொறுப்பும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். எழுதியவரோ, கேட்போர் பேசும்போது வாதாடக்கூடாது. குறித்துக்கொள்ள வேண்டும். நூல் அச்சானபின் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்கம் சொல்ல எழுத்தாளனால் முடியாது அல்லவா? ஒருவர் மட்டும் சொல்லும் குறையை ஆற அமர எண்ணிப் பார்க்கலாம். மூவர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ பழுது இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

குறை கூறுவதற்குச் சொற்கள் இல்லையே என்று தடுமாற வேண்டாம். நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்துப் பெயரிட்டு வைத்திருக்கிறார். இலக்கணத் தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்த அப்பெயர்கள் நாவலுக்கும் நன்கு பொருந்தும். தேவையான செய்தியைச் சொல்லாமல் விட்டால் அது குன்றக் கூறல். ஒரே துயரத்தை மூன்று அதிகாரங்களில் திரும்பத் திரும்பச் சொன்னால் கூறியது கூறல். கோரிப்பாளையத்துக் குடும்பக் கதையை நிறுத்திவிட்டு அரசியல் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினால் மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கிய கதை நடுவில் மெலிந்து, முடிவில் கரைந்து போனால் சென்று தேய்ந்து இறுதல். ராஜம் ஐயரின் நாவலில்கூட முற்பகுதியின் உயிர்த்துடிப்பு பிற்பகுதியில் வேதாந்த விசாரத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறையைச் சொல்லியும் அந்நூலைப் போற்றுகிறோம். குறை காண்பதும் மதிப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

நீங்கள் எழுதும் நாவல் உடனே நூலாகும் என்றோ, நூலானால் பரிசு பெறும் என்றோ நான் சொல்ல மாட்டேன். மதுரையின் பழங்கதையை விரித்து எழுதிய 'காவல் கோட்டம்', சு. வெங்கடேசனின் முதல் நாவல். 2008இல் வெளிவந்து, 2011ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. முதல் நாவலுக்கே இத்தகைய சிறப்புக் கிடைப்பது அரிது. உங்கள் முதல் நாவல் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடவும் கூடும். ஆயினும் அது வீண் அன்று. ஒரு மனிதன் ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று நூறு நாள் எண்ணிப் பார்த்தவன், பிறகு எவரையும் எளிதில் இகழ மாட்டான். நண்பனின் எழுத்தைப் பொறுமையாகக் கேட்டுப் பழகியவன், வாழ்க்கையிலும் பிறர் சொல்லைக் கேட்கக் கற்றுக்கொள்வான்.

இளைஞர்களே! இன்று இரவு ஒரு நோட்டை எடுத்து, உங்கள் தெருவில் நீங்கள் நன்கு அறிந்த ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். நாளை மேலும் இரண்டு பக்கம். எழுத விருப்பம் இல்லாதவர்கள் எழுதுகின்ற ஒரு நண்பரைத் தேடிச் சென்று, "படித்துக் காட்டு, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அவ்வாறு சொல்வதும் இலக்கியத் தொண்டே ஆகும். வைகையின் வடகரையிலோ தென்கரையிலோ ஏதோ ஓர் அறையில் இன்றும் ஒருவர் தனியே எழுதிக்கொண்டிருக்கலாம். அவர் கதவைத் தட்டுவதற்கு நாம் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டாம்.